கொங்குநாட்டுச் சபைகள் ஏன் கடல் தாண்ட வேண்டும்

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் பக்கத்துச் சபைகளில் இப்போது அடிக்கடி காதில் விழுகிற சொல் 'மிஷன் டிரிப்'. வாலிபர் குழு ஒன்று நேபாளம் போகிறது, ஒரு டாக்டர் தம்பதி மலாவிக்கு ஒரு மாதம் போகிறார்கள், இலங்கை மலையகத்துக்குச் சிலர் கிளம்புகிறார்கள் என்று ஆராதனை முடிவில் அறிவிப்பு வரும். வெளியே வந்து செருப்பை மாட்டுவதற்குள் விவாதம் தொடங்கிவிடும். "ஏனுங்க, நம்மூர்லயே இல்லாதப்பட்டவங்க எத்தனை பேரு இருக்காங்க, இதுக்கு எதுக்குங்க பிளேன் ஏறிப் போகோணும்?" என்பார் ஒருவர். "அந்த டிக்கெட் காசை அப்படியே அனுப்பிச்சா அங்க ஒரு பள்ளிக்கூடமே கட்டிப்போடலாமுங்க" என்பார் இன்னொருவர்.

இரண்டும் நியாயமான கேள்விகள். ஒரு வசனத்தைச் சொல்லி வாயை அடைத்துவிடக் கூடாது. கேட்பவர்கள் பெரும்பாலும் கஞ்சத்தனத்தால் கேட்பதில்லை. காணிக்கைப் பணம் வீணாகக் கூடாதே என்ற அக்கறையில்தான் கேட்கிறார்கள். இருந்தாலும் என் பதில், போகத்தான் வேண்டும் என்பதே. ஏழை நாடுகளின் மக்கள் நடுவில் போய், அவர்களோடு தங்கி, கைவேலை செய்வது கொங்குக் கிறிஸ்தவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலான கடமை. நாம் பல தலைமுறைகள் வாங்கும் இடத்தில் இருந்தவர்கள். எது உதவி, எது சுமை, எது அவமானம் என்று வாங்கியவனுக்குத்தான் தெரியும். அந்த அறிவு நம் சபைகளின் சொத்து. அதை உள்ளூரிலேயே பூட்டி வைத்திருக்கிறோம்.

வாங்கிய கதையை முதலில் பார்ப்போம். லண்டன் மிஷனரி சங்கம் சேலத்தில் 1827-லும் கோவையில் 1830-லும் வேலையைத் தொடங்கியது. ஈரோட்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரப் ஐயர் பெயரில் ஆலயமும் சாலையும் இருக்கின்றன. அந்தச் சாலையில் தினமும் போகிறவர்களில் பாதிப்பேருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்றே தெரியாது. கத்தோலிக்கர் கதை இன்னும் பழையது. தத்துவ போதகர் என்று நாம் அறியும் ராபர்ட் தெ நொபிலி 1623-ல் சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம் என்று இந்தப் பக்கம் நடந்து வந்தார். மிஷனெரிகள் தொடங்கிய பள்ளியில் படித்தவர்கள், ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் என்று இன்றைக்கும் கொங்கில் எந்த மதத்துக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். அந்த மிஷனெரிகளை அனுப்பிய சபைகளில் பல பணக்காரச் சபைகள் அல்ல. வாரக்கூலி வாங்கியவர்களும் சில்லறை போட்டுத்தான் அனுப்பினார்கள்.

இந்த வரிசையில் கோவைக்காரர்களே மறந்துவிட்ட ஒருவர் உண்டு. மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக். பிரான்ஸிலிருந்து 1842-ல் புதுச்சேரிக்கு வந்தவர். 1846-ல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோவையிலிருந்து அவிநாசிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கும் அதே கருமத்தம்பட்டிதான். 1850-ல் கோவை மறைவட்டம் தனி மறைபரப்பு ஆட்சிப் பகுதியானபோது அதன் பொறுப்பு அவருக்கு வந்தது. அவருக்கு ஒரே பிடிவாதம்: இந்த ஊர்ச் சபையை இந்த ஊர்க்காரர்களே நடத்த வேண்டும், அதற்கு உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதுதான் மிஷனெரியின் முதல் வேலை. அன்றைய ஐரோப்பியக் குருக்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. சாதி வழக்கங்களைச் சபைக்குள் எவ்வளவு தூரம் அனுமதிப்பது என்ற சிக்கலும் சேர்ந்துகொள்ள, 1855-ல் பதவியிலிருந்து விலகினார்.

அப்புறம் அவர் செய்ததுதான் நம் பேச்சுக்கு முக்கியம். நாற்பது வயது தாண்டிய ஆயர், ஊருக்குத் திரும்பி ஓய்வாக இருந்திருக்கலாம். மாறாக, யாரும் போகத் தயங்கும் ஆப்பிரிக்கப் பகுதிக்குத் தன்னை அனுப்பச் சொல்லிக் கேட்டார். 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் கப்பலை விட்டு இறங்கினார். ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரம். ஜூன் 25 அன்று இறந்துபோனார். கூடப் போனவர்களில் பெரும்பாலோரும் அதே வாரங்களில் இறந்தார்கள். அவர் தொடங்கிய சபை நிற்கவில்லை, இன்றும் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் வேலை செய்கிறது. உள்ளூர்க்காரர் கையில் கொடுப்பதற்காகவே போக வேண்டும் என்ற எண்ணத்தை அவர் பழகியது கொங்கு மண்ணில். ஆப்பிரிக்காவுக்குக் கோவை கொடுத்த முதல் மிஷனெரி என்றுகூட அவரைச் சொல்லலாம்.

இன்னொரு கதை கொல்லிமலையில் நடந்தது. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மிஷன் டிரிப் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம் பக்கத்தில் இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனெரிகள் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதி 1913 வாக்கில் அந்த மலையில் குடியேறினார்கள். இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறது. அன்று சாலை இல்லை, நடந்து ஏற வேண்டும், முடியாதவர்களை டோலி கட்டித் தூக்க வேண்டும். மலைக்காய்ச்சல் பயத்தில் கீழ்நாட்டுக்காரர்கள் இரவு தங்கவே மாட்டார்கள். ஜெஸ்ஸி முழு டாக்டர்கூட இல்லை. கட்டட வேலை தெரிந்தவர். வெப்பநாட்டு நோய்களுக்கு ஒரு குறுகிய படிப்புப் படித்துவிட்டு வந்தவர். கையில் இருந்த எல்லாத் தொழிலையும் அங்கே இறக்கினார். தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார், வீடு கட்டினார், பழமரம் வைத்தார், பல் பிடுங்கினார், பள்ளிக்கூடம் நடத்தினார்.

அந்த மலையில் நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. காலில் ஒரு கொப்புளம் கிளம்பும். நெருப்பு வைத்த மாதிரி எரியும். அது உடைந்தால் உள்ளே வெள்ளை நூல் போல ஒரு புழுவின் முனை தெரியும். முழு நீளம் ஒரு மீட்டர் வரை இருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோய்க் கால் சீழ் வைத்துவிடும். ஒரு சிறு குச்சியில் முனையைச் சுற்றி, தினமும் சில சென்டிமீட்டர் மட்டும் மெதுவாக உருட்டி உருட்டி எடுக்க வேண்டும், வாரக்கணக்கில். ஜெஸ்ஸி அதைத் திண்ணையில் உட்கார்ந்து செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்த சிறுவன்தான் அவருடைய மகன் பால் பிராண்ட். 1914-ல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்து, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப்புகழ் பெற்ற அதே டாக்டர்.

ஆனால் புழுவை எடுப்பதோடு விஷயம் முடியவில்லை. எரிச்சல் தாங்காமல் மனிதர் படிக்கிணற்றில் காலை வைப்பார். புழு அந்தத் தண்ணீரில் முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளை விடும். தண்ணீரில் இருக்கும் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் பூச்சி அதைத் தின்னும். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு அடுத்த ஆண்டு நோய் வரும். ஆகவே இதற்கு மருந்து ஆஸ்பத்திரியில் கிடையாது, கிணற்றில்தான் இருக்கிறது. படியில் இறங்கிக் காலை வைக்க முடியாதபடி சுற்றுச்சுவர் கட்ட வேண்டும், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்க வேண்டும். வீடு வீடாகப் போய் இதைச் சொல்ல ஒரு ஆள் அங்கேயே வாழ வேண்டும். 2000-ம் ஆண்டில் இந்தியாவில் இந்த நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இன்று மிச்சம் இருப்பது சாட், தெற்கு சூடான் போன்ற சில நாடுகளின் ஏழைக் கிராமங்களில், ஆண்டுக்குச் சொற்பமான நோயாளிகள். நம் பாட்டன் காலத்து நோய் அங்கே யாரோ ஒருவருக்கு இந்த ஆண்டும் வரலாம்.

பல ஆண்டுகள் கொல்லிமலையில் ஒருவர்கூடச் சபையில் சேரவில்லை. மலைப் பூசாரி கடுமையாக எதிர்த்து நின்றார். முதல் உலகப்போர் முடிந்த சமயம் பரவிய விஷக்காய்ச்சலில் ஊரே படுத்துவிட்டது. பிராண்ட் தம்பதி கஞ்சி காய்ச்சி எடுத்துப் போய் ஊற்றினார்கள். பூசாரியும் அந்தக் காய்ச்சலில் விழுந்தார். சாகும்போது தன் பெண்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டுப் போனார். ஜெஸ்ஸி 1929-ல் காய்ச்சலில் இறந்து, கொல்லிமலையின் வாழவந்திநாட்டிலேயே புதைக்கப்பட்டார். ஈவ்லினுக்குக் கிட்டத்தட்ட எழுபது வயதானபோது மிஷன் ஓய்வு கொடுத்தது. அவர் ஓய்வை வாங்கிக்கொண்டு மலைக்கே திரும்பிப் போய், மட்டக்குதிரையில் கிராமம் கிராமமாகச் சுற்றினார். 1974-ல் 95 வயதில் இறந்தபோது கணவர் பக்கத்திலேயே அடக்கம்.

இங்கே ஒருவர் எழுந்து, "அவங்க ஆயுசு முழுக்க இருந்தாங்க, நீங்க பத்து நாள் போய்ட்டு வர்றதும் அதுவும் ஒண்ணுங்களா?" என்று கேட்டால், ஒன்றல்ல என்றுதான் சொல்ல வேண்டும். குறுகிய பயணத்துக்கு ஓர் எல்லை உண்டு. அங்கேயே வாழ்கிற ஒருவரோடு, அந்த ஊர்ப் போதகரோ நர்ஸோ பள்ளி ஆசிரியரோ, அவரோடு சேர்ந்துதான் அது பலன் தரும். போகிறவர் அவருக்குச் சில நாள் இரண்டாவது கையாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆள் இல்லாத இடத்துக்குக் குறுகிய பயணம் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பணத்தை மட்டும் அனுப்பினால் போதாதா என்ற கேள்விக்கு வேதத்திலேயே ஒரு மனிதர் பதிலாக நிற்கிறார். எப்பாப்பிரோதீத்து. ரோமாபுரியில் காவலில் இருந்த பவுலுக்குப் பிலிப்பிச் சபை காணிக்கை சேர்த்தது. அதை யார் மூலமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். அவர்கள் தங்களில் ஒருவரையே அனுப்பினார்கள். பணத்தைக் கொடுப்பதோடு, கூட இருந்து பவுலுக்கு வேண்டியதைச் செய்வதும் அவர் வேலை. போன இடத்தில் அவர் சாகக் கிடந்தார். "பாருங்க, ஆளை அனுப்பி வைத்தியச் செலவும் சேர்ந்ததுதான் மிச்சம்" என்று அன்றைக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். பவுல் அப்படி எழுதவில்லை. கிறிஸ்துவின் வேலைக்காகத் தன் உயிரையும் எண்ணாமல் மரணத்துக்குச் சமீபமாயிருந்தவர், இப்படிப்பட்டவர்களைக் கனமாக எண்ணுங்கள் என்று எழுதினார். பணம் பசியைத் தீர்க்கும். நம்மைத் தேடி ஒருவர் வந்தார் என்பதை ஆள் வந்தால்தான் சொல்ல முடியும். தேவன் தம் அன்பைத் தூரத்திலிருந்து அனுப்பி வைக்காமல் மாம்சமாகி வந்தார் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிரசங்கிக்கிற நாம், ஆள் போவது வீண் செலவு என்று சொல்லக் கூடாது.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 15-ம் அதிகாரத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆவிக்குரிய நன்மையை எருசலேம் சபையிடமிருந்து பெற்றவர்கள், அவர்களுடைய வறுமையில் உதவக் கடன்பட்டவர்கள் என்கிறார் பவுல். தர்மம் என்று சொல்லவில்லை, கடன் என்கிறார். கொங்குக்காரர்களுக்குக் கடனைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாங்கினால் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுத்தால்தான் இரவில் தூக்கம் வரும் என்று வளர்ந்தவர்கள் நாம்.

எப்படிப் போக வேண்டும் என்பதை நம்மவர் ஒருவர் 1910-லேயே உலகத்துக்குச் சொல்லிவிட்டார். திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், ஐரோப்பிய மிஷனெரிகள் முன்னால் நின்று பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்றார். அரங்கில் பலருக்கு அது கசந்தது. பங்களாவில் வைத்துப் பேசினார்கள், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை என்ற வேதனை அந்த ஒரு வரியில் இருந்தது. பேசியவர் வெறும் குறை சொன்னவரும் அல்ல. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறக்கக் காரணமாயிருந்து, தாமே தெலுங்கு நாட்டுத் தோர்னக்கல்லுக்குப் போய் அந்த மொழி கற்று வாழ்ந்தவர். பெற்றுக்கொண்ட தமிழன் கொடுக்கப் போகும்போது அவரைப் போலப் போக வேண்டும். அந்த ஊர்க்காரர் வீட்டில், அவர்கள் தட்டில், அவர்கள் சாப்பிடும் மக்காச்சோளக் களியைச் சாப்பிட்டு. களி நமக்கு ஒன்றும் புதிதில்லையே.

நடைமுறையில் தவறு எங்கே நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். திருப்பூர்ச் சபைகளிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட் மூட்டைகளை எடுத்துப் போவது. மனம் நல்லது, விளைவு நல்லதில்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு கப்பல் வந்து திருப்பூர் வீதிகளில் மூன்று மாதம் பனியனை இலவசமாக அள்ளி வீசினால் நம் பவர் டேபிள் டெய்லர் என்ன ஆவார்? அதேதான் அங்கேயும். கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் பழைய துணி இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்த 2016-ல் முடிவெடுத்ததற்குக் காரணம் தங்கள் தையல் தொழில் செத்துக்கொண்டிருந்ததுதான். அந்த முடிவில் உறுதியாக நின்ற ருவாண்டாவுக்கு 2018-ல் அமெரிக்கா ஆடை ஏற்றுமதிச் சலுகையை நிறுத்தியது. துணி மூட்டைக்குப் பதில் ஒரு தையல் மெஷின் மெக்கானிக் போகட்டும்.

அநாதை இல்லங்கள் இதைவிடப் பெரிய ஆபத்து. கம்போடியாவில் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தது யூனிசெஃப் ஆய்வில் தெரியவந்தது. பார்க்க வருகிறவர்களின் காணிக்கைக்காகவே இல்லங்கள் பெருகின, ஏழை வீட்டுப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். ஒரு வாரம் தூக்கிக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அந்தக் குழந்தைகளின் மனம் என்ன ஆகும்? நம் குழுக்கள் அந்த வேலைக்கே போக வேண்டாம். அந்தத் தாய்க்கு வருமானம் வரும் வழியில் உதவினால் பிள்ளை வீட்டிலேயே வளரும். பிள்ளைகளோடு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதையும் விட்டுவிட வேண்டும். நம் பிள்ளையை ஒரு வெளிநாட்டார் அப்படிப் படம் எடுத்துப் போட்டால் நமக்கு ரத்தம் கொதிக்கும்.

சரி, எதற்குத்தான் போவது? இங்கேதான் கொங்குநாட்டுக்கு ஒரு தனித் தகுதி இருக்கிறது. தண்ணீர்.

ஆப்பிரிக்கக் கிராமங்களில் போடப்பட்ட அடிபம்புகளில் சராசரியாக 36 சதவீதம் வேலை செய்யவில்லை என்று 2009-ல் வந்த ஒரு மதிப்பீடு சொன்னது. பல நல்லவர்கள் வந்து, போர்வெல் போட்டு, பெயர்ப்பலகை வைத்து, ஜெபித்துவிட்டுப் போனார்கள். பம்பு பழுதானபோது சரிசெய்ய ஆள் இல்லை. பெண்கள் மறுபடி குட்டைக்கு நடக்கிறார்கள்.

அங்கே பல நாடுகளில் நிற்கும் பம்பு நம்முடையது. 1960-70களின் வறட்சியில் மகாராஷ்டிராவின் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் மிஷன் ஆட்கள், பழைய வார்ப்பிரும்பு பம்புகள் உடைந்துகொண்டே இருப்பதைப் பார்த்து, எஃகில் தாங்களே ஒரு பம்பு செய்தார்கள். அதிலிருந்துதான் யூனிசெஃபும் இந்திய அரசும் சேர்ந்து 'இந்தியா மார்க் 2' அடிபம்பை உருவாக்கின. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் பார்த்து வளர்ந்த அதே பம்பு. அதில் ஒரு குறை இருந்தது. அடியில் சிலிண்டருக்குள் இருக்கும் வாஷர் தேய்ந்தால், தலையைக் கழற்றி, சங்கிலியை விடுவித்து, மூன்று மீட்டர் இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கிளாம்பில் பிடித்து மேலே இழுத்து, மரையைக் கழற்றி, முழு வரிசையையும் தரையில் அடுக்கிய பிறகுதான் அந்தச் சிறிய வாஷரைத் தொட முடியும். நாலைந்து ஆளும், முக்காலியும், ஒரு வண்டியும் வேண்டும். இதைத் தீர்க்க 1980களில் கோவை மாவட்டக் கிராமங்களில் ஆண்டுக்கணக்கில் சோதனை நடந்தது. குழாயைப் பெரிதாக்கி, அதன் வழியாகவே உள்பாகத்தை மேலே எடுக்கிற மாதிரி மாற்றினார்கள். அப்படி வந்தது 'மார்க் 3'. ஊர்க்காரர்களே இரண்டு மூன்று பேராக, சில ஸ்பேனர்களை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். உகாண்டாவில் 'யூ-2', 'யூ-3' என்ற பெயர்களில் ஓடுபவை இந்த இரண்டின் வழிவந்தவைதான். மலாவியில் பெரும்பாலும் 'ஆஃப்ரிடெவ்' என்ற வேறு வகை. கிளம்பும் முன் எந்த வகை என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

திருச்செங்கோட்டு ரிக் லாரி ஆப்பிரிக்கா வரை போய் போர் போடுகிறது. கோவை பம்புசெட்டைச் சொல்லவே வேண்டாம். நம் சபைகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பம்பு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பாருங்கள். "நான் போய் என்னத்தங்க பிரசங்கம் பண்றது? எனக்கு ஸ்பேனர் பிடிக்கத்தானுங்க தெரியும்" என்பார். அந்த ஸ்பேனருக்காகத்தான் அங்கே காத்திருக்கிறார்கள். அவர் பத்து நாள் போய், ஐந்து பம்பை அவரே சரிசெய்துவிட்டு வந்தால் பயணம் பாதிதான் பலன் தரும். அந்த ஊரில் இரண்டு பெண்களையும் இரண்டு வாலிபர்களையும் பக்கத்தில் நிறுத்தி, அவர்கள் கையாலேயே கழற்ற வைத்து, மாட்ட வைத்து, ஸ்பேனர் பெட்டியை அவர்கள் பொறுப்பில் விட்டு, வாஷர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று உறுதி செய்துவிட்டு வர வேண்டும். பெண்களைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: தண்ணீர் நின்றால் நடப்பவர்கள் அவர்கள், ஆகவே பம்பை அதிக அக்கறையோடு பார்ப்பவர்களும் அவர்களே. நர்ஸுகள், கோழி வளர்ப்பவர்கள், சொட்டுநீர் அமைப்பவர்கள், கணக்கு எழுதுபவர்கள் என்று எல்லாருக்கும் இதே வழிதான்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். நம்மூர் ஏழைகள்? "எருசலேமிலும், யூதேயா முழுவதிலும், சமாரியாவிலும், பூமியின் கடைசிபரியந்தமும்" என்ற வசனத்தில் எல்லா இடங்களுக்கும் 'உம்' போட்டுத்தான் சொல்லியிருக்கிறது. ஒன்றை முடித்த பிறகு அடுத்தது என்று இல்லை. திருப்பூரிலும் பெருந்துறையிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் ஒரே அறையில் பலராகத் தங்கி வேலை செய்கிறார்கள். தாளவாடி, கடம்பூர், பர்கூர் மலைகளில் பள்ளிக்கு நெடுந்தூரம் நடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த அறைகளுக்கும் மலைகளுக்கும் ஒருமுறைகூடப் போகாதவரை வெளிநாட்டுக் குழுவில் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்தி வாக்கியம் நாலு கற்றுக்கொண்டு ஓர் ஒடிசா இளைஞரோடு உட்கார்ந்து பேசப் பழகியவர்தான் வெளிநாட்டிலும் நண்பராவார். அதே சமயம், நம் மலைக்கிராமத்துக்கு எத்தனை குறை இருந்தாலும் ரேஷன் அரிசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் 108-ம் ஏதோ ஒரு தூரத்தில் இருக்கின்றன. அரசே எட்டாத ஊர்கள் உலகில் இன்னும் இருக்கின்றன. அங்கேயும் நம் சகோதரர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி அதே கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்கிறார்கள்.

மதமாற்றம் என்ற பேச்சு வராமல் இருக்காது, ஆகவே நேராகவே சொல்கிறேன். நேபாளத்துக்குப் போக நமக்கு விசா வேண்டாம், ஆனால் அந்நாட்டின் 2015 அரசியலமைப்பு மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018-ல் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு, வெளிநாட்டவர் என்றால் நாடு கடத்தலும் உண்டு. துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டு நாம் திரும்பிவிடுவோம். வழக்கு அந்த ஊர்ப் போதகர் மேல் விழும், அவர் பிள்ளைகள் தவிப்பார்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. தண்ணீருக்கோ மருந்துக்கோ விசுவாசத்தை விலையாகக் கேட்பது சுவிசேஷமே அல்ல. இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நம் விசுவாசத்தை யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்வோம். கேட்காதவருக்கும் பம்பு ஓட வேண்டும்.

உடம்பு விஷயம். பிரெசியாக்கைக் கொன்ற மஞ்சள் காய்ச்சலுக்கு இன்று ஒரே ஊசி, ஆயுள் முழுக்கச் செல்லும். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டை இல்லாமல் நோயுள்ள நாட்டிலிருந்து திரும்பினால் இங்கே விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள், "ஆண்டவர் பாத்துக்குவாருங்க" என்று விட்டுவிட வேண்டாம். நாம் அங்கே படுத்தால் அந்த ஏழை வீட்டுக்காரர்தான் ராத்திரி முழுக்க விழித்திருப்பார்.

பணத்தில் ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. வருமான வரி விலக்குள்ள அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்குள்தான் செலவழிக்க வேண்டும். வெளிநாட்டில் செலவழித்தால், தனி அனுமதி இல்லாதவரை, அந்தத் தொகைக்கு விலக்குக் கிடைக்காது. ஆகவே சபைக் கணக்கிலிருந்து அப்படியே எடுத்து அனுப்பிவிட முடியாது, ஆடிட்டரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். போகிறவர் தன் டிக்கெட்டைத் தன் சம்பாத்தியத்தில் எடுப்பதும், முடியாத நல்ல தொழிலாளிக்கு நண்பர்கள் தனித்தனியாகத் தாங்குவதும் சுத்தமான வழி. மெக்கானிக்குக்கு அந்தப் பத்து நாள் கூலியும் போகும். வீட்டுச் செலவுக்கு அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு கோரிக்கை, கமிட்டிகளில் இருக்கிறவர்களுக்கு. ஆண்டுக்கு ஒரு நாடு என்று மாற்றிக்கொண்டே போகாதீர்கள். ஒரே ஊர், ஒரே சபை, பத்து ஆண்டு என்று முடிவு செய்யுங்கள். இரண்டாம் ஆண்டு போகும்போது முதலாம் ஆண்டு கற்றுக்கொடுத்த பம்பு ஓடுகிறதா என்று அவர்களே சொல்வார்கள், எது தேவையில்லை என்பதையும் கூச்சமில்லாமல் சொல்வார்கள். மூன்றாம் ஆண்டு நம் குழுவில் ஒருவரைக் குறைத்து, அந்த டிக்கெட் பணத்தில் அங்கிருந்து ஒருவரை இங்கே வரவழையுங்கள். கோவையில் ஒரு பம்பு ஒர்க்‌ஷாப்பில் ஒரு மாதம் இருந்து கற்றுக்கொள்ளட்டும். நம் வீடுகளில் தங்கட்டும், நம் சபையில் அவர் மொழியில் ஜெபிக்கட்டும், நம் குறைகளையும் பார்த்துச் சொல்லட்டும்.